ஆச்சியிடம் சொல்லிவிட்டு ஓடட்டும்

கேள்வி: காரைக்குடியில் ஒரு அரிசி வியாபார நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். வயது 27. ஆலை புதுவயலில் இருக்கிறது. அலுவலகம் இங்கே, முதலாளி ஆச்சியின் பழைய வீட்டு முகப்பை ஒட்டிய அறைகளில். மொத்தம் 14 கணினிகள். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தேன். சும்மா கிடக்கும் கணினியின் திறனை இணையம் வழியாகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று படித்தபோது, அம்மாவுக்காகச் செய்ய ஒன்று கிடைத்துவிட்டது என்று தோன்றியது. தீபாவளி முடிந்த கையோடு கணக்குப் பிரிவின் ஆறு கணினிகளில் அதற்கான பாயிங்க் (BOINC) என்ற மென்பொருளை ஏற்றினேன். இரவிலும் அணைப்பதில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நாலு மாதம் ஆகிறது. போன வாரம் மேனேஜர் அண்ணன், "ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தேன், ஆறு மிஷினும் இரைஞ்சுக்கிட்டே கிடக்கு, என்னப்பா?" என்று கேட்டார். அப்டேட் ஓடுகிறது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. யாருக்கும் நஷ்டமில்லாத நல்ல காரியம்தானே செய்தேன்? சத்தமில்லாமல் எடுத்துவிட்டு இருந்துவிடலாமா, சொல்லித்தான் ஆக வேண்டுமா? தொடர்ந்து செய்ய ஏதாவது வழி உண்டா?
(பெயர் வேண்டாம், காரைக்குடி)

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் அம்மாவைப் பற்றி. நீங்கள் எழுதியதில் அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். போனவர்களுக்காக ஏதாவது செய்தாக வேண்டும் என்று கை பரபரக்கும் நிலை எனக்கும் தெரியும். உங்கள் கை கணினியின் பக்கம் போனது, அதுதான் உங்களுக்குத் தெரிந்த தொழில் என்பதால். அந்த எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து வருவதில் கொஞ்சம் கண்டிப்பு இருக்கும்.

நீங்கள் செய்தது தப்புதான். கொடுத்தது தப்பில்லை, கேட்காமல் கொடுத்தது தப்பு. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான் இது. பிள்ளையாருக்கு உடைத்தது நல்ல காரியம். தேங்காய் கடைக்காரருடையது.

இதை உயரத்தில் நின்றுகொண்டு சொல்லவில்லை. 2002இல் சென்னையில் ஒரு நிறுவனத்தில் நானும் உங்களைப் போலத்தான் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஸெட்டி அட் ஹோம் என்ற திட்டம் எங்கள் வட்டத்தில் பெரிய பேச்சு. வானொலித் தொலைநோக்கியில் பதிவான அலைகளை அலசி, வேற்றுக்கிரகத்தார் அனுப்பிய சிக்னல் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது அதன் வேலை. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999 மே மாதம் அதைத் தொடங்கியிருந்தது. திரையில் வண்ண வண்ணமாகக் கோபுரங்கள் எழும்பி நிற்கும் ஸ்கிரீன்சேவர் அதோடு வரும். அந்த அழகுக்காகவே பதினோரு கணினிகளில் ஏற்றினேன். ஒரு மாதக் கடைசி, சம்பளக் கணக்குப் போடும் நாள். கணக்குப் பிரிவில் ஒரு அம்மா, வெகு நேரமாகத் திரை நகரவில்லை என்று எழுந்து போய் மேலாளரை அழைத்து வந்துவிட்டார். அவர் என்னைத் திட்டவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னார். பட்டியலில் முதல் வரியில், கணினியின் மூளையான பிராசஸர் மொத்தத்தையும் விழுங்கிக்கொண்டு அந்தப் பெயர் நின்றது. அதன் மேல் விரலை வைத்து, "இது யாரோடது?" என்றார். என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. நிறுவனத்தினுடையது என்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு நேரே பதில் சொல்ல முடியாத எதையும் அடுத்தவர் கணினியில் ஏற்றக்கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "யாருக்கும் நஷ்டமில்லாத" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தத் துறையில் இருக்கும் பலரும் நல்ல மனசோடு நம்பும் ஒரு பழைய கணக்கு அது.

தொண்ணூறுகளில் அது ஓரளவு உண்மையும்கூட. அந்தக் காலத்துப் பிராசஸர்கள் வேலை செய்தாலும் சும்மா இருந்தாலும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரத்தைக் குடிக்கும். அப்படி இருக்கும்போது, வீணாகிற திறனை யாராவது பயன்படுத்தட்டுமே என்று சொல்வதில் நியாயம் இருந்தது. இப்போதைய பிராசஸர்கள் அப்படி இல்லை. வேலை இல்லையென்றால் தாமாகவே வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டு தூங்கிவிடும். உங்கள் கணக்குப் பிரிவுக் கணினி, கணக்கு எழுதும் டேலியைத் திறந்து வைத்துவிட்டு யாரோ டீ குடிக்கப் போயிருக்கும்போது 40 வாட் எடுக்கிறது என்றால், பாயிங்க் முழு வீச்சில் ஓடும்போது 90 வாட் எடுக்கும். நடுவில் உள்ள 50 வாட் ஆச்சியின் மீட்டரில் ஏறுகிறது. இரவில் இன்னும் மோசம். அணைத்து வைக்கப்பட்டிருக்க வேண்டிய கணினி அது. அப்போது 90 வாட்டும் உங்கள் கணக்குதான்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். இரவு ஏழிலிருந்து காலை ஒன்பது வரை 14 மணி நேரம், ஆறு கணினிகள், தலைக்கு 90 வாட். ஒரு இரவுக்கு ஏழரை யூனிட். பகலில் பத்து மணி நேரம், தலைக்கு 50 வாட் கூடுதல் என்றால் மூன்று யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தில் இரவுக்கு 450 யூனிட், வேலை நாட்களின் பகலுக்கு 150 யூனிட், ஆக 600. வணிக இணைப்புக்கு யூனிட் ஏறத்தாழ பத்து ரூபாய் என்று வைத்தால் ஆறாயிரம் ரூபாய். நாலு மாதத்தில் இரண்டு பில், பன்னிரண்டாயிரம். உங்கள் கணினிகள் இதைவிடக் குறைவாகவோ கூடவோ எடுக்கலாம். அதனால் வாட் அளக்கும் பிளக் மீட்டர் ஒன்றை வாங்கி ஒரு கணினியில் மாட்டி, ஓடும்போதும் ஓடாதபோதும் அளந்து, உங்கள் பில்லில் உள்ள விகிதத்தை வைத்து நீங்களே ஒருமுறை போடுங்கள். ஆச்சி முன்னால் போய் நிற்கும்போது கையில் இந்த எண் இருக்க வேண்டும்.

மின்சாரம் மட்டுமல்ல. புதுவயல் ஆலைக்கும் காரைக்குடி அலுவலகத்துக்கும் ஆட்கள், மூட்டை மாதிரிகள், லெட்ஜர்கள் போய்வந்துகொண்டே இருக்கும். அவர்களோடு தவிட்டுத் தூசும் வரும். ஒரு ஆலை அலுவலகத்தின் கணினியை நான் திறந்து பார்த்திருக்கிறேன். பிராசஸர் மேலே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் தவிடு ஈரத்தில் ஊறி, காய்ந்து, வறட்டி மாதிரி அடைத்திருந்தது. விரலால் பிய்த்தால் தகடு தகடாக வந்தது. அப்படிப்பட்ட கணினியில் சாதாரண டேலி வேலை ஓடிவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. இரவும் பகலும் முழு வீச்சில் ஓட்டினால்தான் தெரியும். மின்விசிறி போதாமல் கத்தும், சூடு தொண்ணூறைத் தாண்டும், பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், பவர் சப்ளை பெட்டியில் உள்ள கெபாசிட்டர்கள் வயசாகிப் போகும். மேனேஜர் அண்ணன் காதில் விழுந்த இரைச்சல் அதுதான். மாசி போய்ப் பங்குனி வந்தால் நம் ஊர் வெயில் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். செட்டிநாட்டு வீட்டின் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் ஆட்களைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். இரவில் கதவைச் சாத்திப் பூட்டிய அறைக்குள் ஆறு கணினிகள் அரை கிலோவாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தால், அந்தச் சுவர் அந்தச் சூட்டையும் உள்ளேயே வைத்திருக்கும்.

யுபிஎஸ்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில், இருபது நிமிடம் தாங்க வேண்டிய பேட்டரி பத்து நிமிடத்தில் படுத்துவிடும். பில் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்குச் சேமிக்கக்கூட நேரம் கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட முடியாது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியில்லாமல் ஒரு கணினியில் செய்யும் பல காரியங்களுக்கு இழப்பீடு கேட்க வழி செய்கிறது. அதே காரியத்தை நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் வக்கீல் இல்லை. உங்கள் நோக்கத்தை யாரும் மோசடி என்று சொல்ல மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒளித்து வைப்பதும், கேட்டால் வேறொன்று சொல்வதும் நல்ல நோக்கத்துக்கே கெட்ட முகத்தைக் கொடுத்துவிடும்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் கணினி நிர்வாகி 1999இல் இதே மாதிரி ஒரு திட்டத்தைக் கல்லூரிக் கணினிகளில் ஏற்றினார். மாநில அரசு கிரிமினல் வழக்கே போட்டது. 2002 ஜனவரியில் சமரசமாக முடிந்தபோது ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 80 மணி நேரச் சமூக சேவை, 2,100 டாலர் கட்ட வேண்டும் என்றானது. 2009இல் அரிசோனாவில் பள்ளிக் கணினிகளில் ஸெட்டி ஓட்டியவர் வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. இருவருமே அறிவியல் மேல் ஆசைப்பட்டவர்கள்தான்.

சரி, இனி என்ன செய்வது?

சத்தமில்லாமல் எடுத்துவிடாதீர்கள். அதைச் செய்தால் பன்னிரண்டாயிரமும் போய், தடயத்தை அழித்த மாதிரியும் ஆகும். இன்றைக்கு அலுவலகம் போனதும் ஆறு கணினிகளிலும் கணக்கீட்டை நிறுத்தி வையுங்கள், அவ்வளவுதான். மென்பொருள் அப்படியே இருக்கட்டும், காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். ஆராய்ச்சிக் கணக்கைச் சிறு சிறு வேலைத்துண்டுகளாகப் பிரித்துத்தான் ஒவ்வொரு கணினிக்கும் அனுப்புவார்கள். பாதி முடிந்த துண்டுகள் உங்கள் கையில் இருக்கும். அவற்றைக் கைவிடுவதாக அழுத்திவிடுங்கள். கெடு முடியும்வரை சும்மா பிடித்து வைத்திருந்தால் அங்கே ஆராய்ச்சியாளர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். கைவிட்டால் அது உடனே வேறொருவர் கணினிக்குப் போய்விடும்.

அப்புறம் மேனேஜர் அண்ணனிடம் போங்கள். ஆச்சிக்கு முன்னால் அவர், ஏனென்றால் பொய் சொன்னது அவரிடம். "அண்ணே, அன்னைக்கு அப்டேட்னு சொன்னது நெசமில்லை. நான் ஒண்ணு போட்டு வச்சிருந்தேன். ஆச்சிகிட்டச் சொல்லப் போறேன், நீங்களும் வாங்க" என்றால் போதும். அவர் கோபப்பட்டால் படட்டும். அன்றைக்கே ஆச்சியையும் பார்த்துவிடுங்கள். ஒரு ராத்திரி இடைவெளி விட்டால், ஆச்சி காதுக்கு உங்கள் வாயிலிருந்து போக வேண்டிய செய்தி வேறு வாயிலிருந்து போகும்.

ஆச்சியிடம் பிராசஸர், வேலைத்துண்டு என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு உங்கள் அம்மாவைத் தெரிந்திருக்கும், துக்கம் கேட்க வந்திருந்தாலும் வந்திருப்பார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படித்தான் சொல்வேன்: "ஆச்சி, அம்மா போனதுக்கு அப்புறம் அந்த நோய்க்கு மருந்து தேடுறவங்களுக்கு உதவியா கம்ப்யூட்டர்ல ஒரு வேலை ஓடவிட்டேன். நம்ம ஆபீஸ் மிஷின்ல, உங்களைக் கேக்காம. நாலு மாசத்துல கரண்டுக்கு இவ்வளவு ஆகியிருக்கும்னு கணக்குப் போட்டிருக்கேன், அதை நான் கட்டிடுறேன். கேக்காம செஞ்சது தப்பு ஆச்சி." இதற்கு மேல் அன்றைக்கு வேண்டாம். தொடரலாமா என்ற கேள்வியை அதே மூச்சில் கேட்காதீர்கள். மன்னிப்பையும் விண்ணப்பத்தையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் பலவீனமாகிவிடும். பணத்தை அவர் வாங்கிக்கொண்டால் கொடுத்துவிடுங்கள், வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

ஒரு வாரம் பத்து நாள் போகட்டும். பிறகு கேளுங்கள். இங்கேதான் செட்டிநாட்டில் இருப்பது உங்களுக்குப் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கி, அதற்குத் தனியாகப் பற்று வரவு எழுதி, கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்த வழக்கம் இந்த ஊர்க் கணக்குப் புத்தகங்களில் இருக்கிறது. தர்மம் என்பதற்காக அதைக் கணக்குக்கு வெளியே வைக்கவில்லை. காசு எங்கே போனது என்று பேரேட்டைப் புரட்டினால் தெரியும். நீங்கள் கேட்கப்போவதும் அந்த மாதிரி ஒரு வரிதான்: மாதம் இவ்வளவு யூனிட், இவ்வளவு ரூபாய், ஆராய்ச்சிக்கு. அந்தக் கணக்கு மொழியில் கேட்டால் ஆச்சிக்கு நொடியில் புரியும்.

அறிவியலுக்குக் கொடுப்பதும் காரைக்குடிக்குப் புதிதில்லை. நீங்கள் தினமும் கடந்து போகும் சிக்ரி, அந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எப்படி வந்தது? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14இல் திறந்தார்கள். ஆச்சி அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவராக இருப்பார். எலெக்ட்ரோகெமிஸ்ட்ரி என்றால் என்னவென்று அன்றைக்கு ஊரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? கொடுத்தவர் தன் சொந்தப் பொருளை, எல்லோரும் அறியக் கொடுத்தார்.

இதனால் உண்மையில் பலன் உண்டா என்று ஆச்சி கேட்டால் நேர்மையாகச் சொல்லுங்கள். உங்கள் ஆறு கணினிகள் தனியாக எந்த நோயையும் தீர்க்காது. ஆனால் சேர்ந்தால் பெரிது. 2010இல் இதே மாதிரி மக்கள் கணினிகளில் ஓடும் ஐன்ஸ்டீன் அட் ஹோம் திட்டத்தில், பல்சர் என்ற சீராகத் துடிக்கும் வகை நட்சத்திரம் ஒன்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கணினியும், ஜெர்மனியில் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு கணினியும் அந்தத் தரவைத் தனித்தனியாக அலசி ஒரே விடையைச் சொன்னதில்தான் அது உறுதியானது. ஒரே வேலைத்துண்டை இரண்டு பேருக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிடுவது இந்தத் திட்டங்கள் பலவற்றின் வழக்கம். 2020இல் கொரோனா வந்தபோது ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்தில் உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் சேர்ந்து, அன்றைய பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்களையே மிஞ்சிய திறனைத் திரட்டினார்கள். நுரையீரல் புற்றுநோயின் அடையாளங்களைத் தேடும் வேலை ஒன்று 2013இல் வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் திட்டத்தில் தொடங்கியது. 2004இல் ஐபிஎம் தொடங்கிய அந்தத் திட்டம் 2021இல் டொரொண்டோவில் உள்ள கிரெம்பில் ஆராய்ச்சி நிலையத்தின் கைக்கு மாறியது. எந்தத் திட்டத்தில் இப்போது வேலை வந்துகொண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதன் பெயரை ஆச்சிக்குச் சொல்லுங்கள். நீங்கள் ஏற்கெனவே முடித்து அனுப்பிய துண்டுகள் வீணாகவில்லை. அவை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன.

ஆச்சி சரி என்றால், ஆறு பழைய கணினிகளைக் கேட்காதீர்கள். ஒன்றே ஒன்று கேளுங்கள். அலுவலகத்தில் கடைசியாக வாங்கிய கணினி எதுவோ அது. பழைய கணினிகள் நாலைந்து சேர்ந்து செய்யும் கணக்கை, ஒரு புதிய கணினி அதைவிடக் குறைந்த மின்சாரத்தில் செய்துவிடும். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கணினி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகும் கணினி, வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினி, இவை மூன்றையும் தொடவே கூடாது. பாயிங்க் திட்டங்கள் தங்கள் நிரலைக் கையெழுத்திட்டுத்தான் அனுப்புகின்றன, பொதுவாக நம்பகமானவை. ஆனாலும் வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டும் எந்த மென்பொருளுக்கும் பணம் புழங்கும் கணினியில் இடமில்லை.

அனுமதியை எழுதி வாங்குங்கள். நம்பிக்கை இல்லாததால் இல்லை, நாளைக்கு நீங்கள் வேறு வேலைக்குப் போனாலோ மேனேஜர் மாறினாலோ அந்தக் கணினியைத் திறப்பவருக்கு விடை வேண்டும். அரைப்பக்கம் போதும்: எந்தக் கணினி, எந்த நேரம், எந்தத் திட்டம், மாதம் எத்தனை யூனிட்டுக்கு மேல் போகக்கூடாது, ஆச்சியோ மேனேஜரோ நிறுத்தச் சொன்னால் அன்றே நிறுத்துவது. ஆச்சி கையெழுத்து, உங்கள் கையெழுத்து. ஒரு நகல் அந்தக் கணினியின் மேலேயே ஒட்டியிருக்கட்டும்.

மென்பொருளை அமைப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். கணினியை யாராவது பயன்படுத்தும்போது நிற்கும்படி வையுங்கள். பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான கோர்களில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். நாலு கோர் இருந்தால் இரண்டு போதும், சூடும் சத்தமும் குறையும். நினைவகம் 4 ஜிபி உள்ள கணினி என்றால் வேண்டாம், சில திட்டங்களின் ஒரே துண்டு ஒன்று இரண்டு ஜிபியை எடுத்துக்கொள்ளும். நேரம் குறிக்கும் வசதி இருக்கிறது, ஆட்கள் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓடவிடுங்கள். இரவில் பூட்டிய வீட்டில் ஆளில்லாமல் வேண்டாம் என்பது என் திடமான கருத்து, பழைய மரக்கதவும் உத்தரமும் உள்ள வீட்டில் இன்னும் திடமாகச் சொல்வேன். மின்சாரம் போனால் பயப்பட வேண்டாம், பெரும்பாலான திட்டங்கள் அவ்வப்போது எழுதி வைத்துக்கொண்டே போகும், விட்ட இடத்துக்குச் சற்று முன்னிருந்து தொடரும். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி ஊதுங்கள். சித்திரை வைகாசியில் முழுக்க நிறுத்திவிடுங்கள், கார்த்திகை மார்கழியில் ஓடிக்கொள்ளலாம்.

இன்னொன்று. பாயிங்க் கணக்கைத் தொடங்கும்போது உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்கியிருப்பீர்கள். முடித்த வேலைக்கான புள்ளிகள் உங்கள் பெயரில் ஏறிக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளிகளில் ஒரு மயக்கம் இருக்கிறது தம்பி. இன்னும் ஒரு கணினி, இன்னும் ஒரு கணினி என்று கை போவதற்கு அதுவும் ஒரு காரணம், எனக்கு நடந்திருக்கிறது. அலுவலகக் கணினியை அலுவலகத்தின் பெயரில் ஒரு புதிய கணக்கில் சேருங்கள். பாயிங்க் வேலைக்குக் காசு தருவதாகச் சொல்லும் கிரிட்காயின் மாதிரி நாணயங்களோடு அதை இணைக்கவே இணைக்காதீர்கள். இணைத்தால் அது நன்கொடை இல்லை, ஆச்சியின் மின்சாரத்தில் உங்கள் வருமானம்.

ஆச்சி வேண்டாம் என்றும் சொல்லலாம். சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். கண்ட்ரோல் பேனலில் போய் நீக்குங்கள், சி டிரைவில் மறைந்திருக்கும் புரோகிராம் டேட்டா ஃபோல்டருக்குள் பாயிங்க் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதையும் அழித்துவிட்டு மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அப்போதும் வழி அடைபடவில்லை. மதுரையில் பழைய அலுவலகக் கணினிகள் விற்கும் கடைகளில், உள்ளங்கை இரண்டு சேர்த்தால் வரும் அளவில் ஒரு மினி பிசி கிடைக்கும். முழு வீச்சில் 35லிருந்து 50 வாட்டுக்குள் முடிந்துவிடும். உங்கள் வீட்டில் நீங்கள் இருக்கும் நேரம், தினம் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 17லிருந்து 24 யூனிட். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் நமக்கு இலவசம் என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டினாலும் ஒரு சினிமா டிக்கெட் காசுதான் ஆகும். புதிதாக எதுவும் வாங்க முடியாத நிலை என்றால் ஆண்ட்ராய்டு கைபேசியிலேயே பாயிங்க் ஓடும். சார்ஜில் இருக்கும்போது, பேட்டரி நிறைந்த பிறகு, வைஃபை இருந்தால் மட்டும் வேலை செய்யும்படிதான் அது இயல்பாகவே அமைந்திருக்கும்.

வீட்டுக் கணினியில் கணக்குத் தொடங்கும்போது பெயர் கேட்கும். அங்கே அம்மா பெயரைப் போடுங்கள். அது முழுக்க உங்கள் காசில் ஓடும் கணினி, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆச்சியிடம் பேசிய பிறகு என்ன ஆனது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.